அடுப்புப் பக்கத்துக் காது

“தரைக்குக் கீழ என்ன இருக்கும் தம்பி?”

“மண்ணுதான் அக்கா. வேற என்ன இருக்கப் போகுது?”

“இல்ல, தண்ணி கிண்ணி…”

“தண்ணி இருந்தா என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீங்க. தூண்டில்காரனைக் கூப்பிட்டிருப்பீங்க.”

பிளம்பர் சமையலறைத் தரையில் மண்டியிட்டு, சுத்தியலின் மரப்பிடியால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே போனார். வைத்தியர் முதுகில் தட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. சில இடத்தில் தரை ‘டக்’ என்றது. சில இடத்தில் ‘டொம்’ என்றது. டொம் என்ற இடத்தில் அவர் கொஞ்சம் நின்று, தலையைச் சாய்த்து, மறுபடி தட்டினார்.

“மாடி வீடா இருந்தா கீழ்வீட்டுக் கூரைக்கு அடியில குழாயைத் தொங்கவிட்டுக் கொண்டு போயிடலாம். இது மண்ணு மேலயே மல்லாந்து படுத்த வீடு. சிங்க்கை இந்தச் சுவர்லேர்ந்து அந்த ஜன்னலுக்குக் கொண்டு போகணும்னா, காங்கிரீட்டை அறுத்து, பள்ளம் தோண்டி, குழாய் பதிச்சு, மறுபடி மூடணும். ஒரு வாரம் வீடு பூரா தூசி. யோசிச்சுக்குங்க.”

“யோசிச்சாச்சு.”

“அப்படி அந்த ஜன்னல்ல என்னதான் இருக்கு?”

“வெளிச்சம் இருக்கு” என்றாள் அண்ணி.

அடுப்படியிலிருந்து சிரிப்பு வந்தது. நாத்தனார் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று சிரித்தாள். “முப்பது வருஷமா சுவத்தைப் பார்த்துக் கழுவினவங்களுக்குத் திடீர்னு வெளிச்சம் வேணுமாம். எழுதிக்குங்க பிளம்பர்.”

அண்ணி அப்போது பிளம்பரைப் பார்த்து நின்றிருந்ததால் இந்தக் கேலி முழுசாகக் காதில் விழுந்தது. விழுந்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட. கேலி என்றாலும் பேச்சுதானே.

அந்த வீட்டில் இரண்டே பேர். அண்ணி ஹாலில் தையல் மெஷின் போட்டு, பெரிய சட்டையைச் சின்னதாக்குவது, கால்சட்டை நீளத்தைக் குறைப்பது, கிழிந்த பை தைப்பது என்று பிழைப்பவள். நாத்தனார் அவளுடைய புருஷனின் தங்கை. ரயில் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று தானே முடிவு பண்ணிக்கொண்டவள். வேகமாகப் பேசுவதால் அவளுக்கு அண்ணன்காரன் வைத்த பட்டப்பெயர் எக்ஸ்பிரஸ். அந்த அண்ணன் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அண்ணி ஒரு பக்கமும் நாத்தனார் ஒரு பக்கமுமாக, சண்டையும் இல்லாமல் சமாதானமும் இல்லாமல் இருந்துவந்தார்கள்.

இந்த மாத ஆரம்பத்தில் ஒரு காலையில், மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது நாத்தனார் சொன்னாள்.

“ஸ்டேஷன் பக்கத்துல ஒரு ரூம் பார்த்திருக்கேன் அண்ணி. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி போயிடறேன்.”

“ஏன்? என்னாச்சு?”

“சும்மாதான்.”

“சும்மா யாராவது வீடு மாத்துவாங்களா?”

“சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நாள் பூரா ஊர்ல உள்ளவங்க கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்றேன். எத்தனாவது பிளாட்ஃபாரம், எத்தனை மணி லேட்டு, கழிப்பறை எங்க, எல்லாத்துக்கும். வீட்டுக்கு வந்து அடுப்புப் பக்கத்துல நின்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டா, பாத்திரச் சத்தம்தான் பதிலா வருது. நான் பேசறேன், நீங்க முதுகைக் காட்டிட்டுக் கழுவறீங்க. அந்த ரூம்லயும் நான் சுவத்தோடதான் பேசப் போறேன். ஆனா அது சுவர்னு எனக்குத் தெரியும்ல?”

அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்லத் திரும்பி உட்கார்ந்தது.

அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஒரு விஷயம் நடந்திருந்தது. விடிந்து வெகுநேரம் ஆகியும் அவள் தூங்கிவிட்டாள். தலைமாட்டுக் கடிகாரம் அடித்து ஓய்ந்திருக்கிறது. அவள் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலக்காதைத் தலையணையில் புதைத்திருந்தாள். கண் விழித்தபோது ஜன்னல் திரை ஆடியது, தெருவில் ஒரு லாரி போனது, மரத்தில் காக்கை வாயைத் திறந்து திறந்து மூடியது. எதிலும் சத்தம் இல்லை. உலகம் மீன்தொட்டிக்குள் போய்விட்டது மாதிரி. பயமாகவே இல்லை. அவ்வளவு அழகாக இருந்தது. தலையைத் தூக்கினாள். லாரியும் காக்கையும் சேர்ந்து ஒரே அடியாக வந்து காதில் மோதின.

காது டாக்டர் இடது பக்கம் என்னென்னவோ கருவியை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். “போன் எந்தக் காதுல வச்சுப் பேசுவீங்க?”

“வலக்காதுலதான்.”

“எப்பவுமே?”

“எல்லாரும் அப்படித்தானே டாக்டர்?”

“இல்லம்மா” என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நரம்பு போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும், மெஷின் வைத்தும் பிரயோஜனம் இல்லை, இருக்கிற காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பத்து வருஷத்துக்கு மேல். பழைய சிங்க் வாசலை ஒட்டிய சுவரில் இருந்தது. அங்கே நின்று கழுவினால் அடுப்பு முதுகுக்குப் பின்னால், இடது தோள் பக்கம். சாயங்காலம் ஆறு மணிக்கு நாத்தனார் வந்து, அடுப்பில் தேநீர் வைத்துக்கொண்டே அன்றைய கதையெல்லாம் சொல்லும் இடம் அதுதான். அவ்வளவு கதையும் செத்த காதின் மேல் விழுந்து வழிந்து போயிருக்கிறது. குழாயும் திறந்திருக்கும். அவள் பேசினாள் என்பதுகூட அண்ணிக்குத் தெரிந்திருக்கவில்லை. எக்ஸ்பிரஸ் முன்மாதிரி இல்லை, அண்ணன் போனதிலிருந்து ஊமையாகிவிட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிட்டால் போதும். ஆனால் ரூம் பார்த்துவிட்டேன் என்று ஒருத்தி சொன்ன பிறகு, எனக்குக் காது கேட்காது என்று எப்படி ஆரம்பிப்பது? போகிறவளை நிறுத்த ஒரு வியாதியைக் கண்டுபிடித்தாள் என்றல்லவா ஆகும். அதனால் அண்ணி பிளம்பரைக் கூப்பிட்டாள். சிங்க்கை வேறு இடத்துக்கு மாற்றினால், நல்ல காது அடுப்புப் பக்கம் வந்துவிட்டால், ஒண்ணாந்தேதிக்குள் நாலு நாளாவது அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொன்னால், ஒருவேளை அவள் போகாமல் இருக்கலாம். யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதும் இல்லை.

“எங்க நிப்பீங்கன்னு நின்னு காட்டுங்க அக்கா” என்றார் பிளம்பர், நாத்தனார் வேலைக்குப் போன பிறகு. “ஆளு நிக்கிற நிலையை வச்சுத்தான் சிங்க் அளவு.”

“ஒரு நிமிஷம் தம்பி.” அண்ணி ரேடியோவைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தாள்.

“பாட்டுக் கேட்டுட்டே கழுவுவீங்களா?”

“ஆமா.”

அவள் ஜன்னலடியில் போய் நின்று, வாசலில் நின்ற பிளம்பரைப் பார்த்தாள். ரேடியோவில் ஒரு பெண் நாளைய வானிலை சொல்லிக்கொண்டிருந்தாள். லேசான மேகமூட்டம், காற்று கிழக்கிலிருந்து, ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்த டம்ளர் மாதிரி வலக்காதில் வந்து வரிசையாக அமர்ந்தது. அண்ணி இன்னும் அரை அடி நகர்ந்தாள். அங்கே இன்னும் தெளிவாக இருந்தது.

“இங்கதான்” என்று குனிந்து, துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியால் தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

“துல்லியமா காலடியிலயே போட்டுட்டீங்களே!”

“தைக்கிறவ இல்லையா?”

மறுநாள் காங்கிரீட்டை அறுத்தார்கள். பிளாஸ்டிக் திரை கட்டி, மெஷினின் வட்டக்கத்திமேல் தண்ணீர் விட்டுக்கொண்டே பழைய சிங்க்கிலிருந்து ஜன்னல்வரை இரண்டு நேர்கோடு. பதினாலு அடி. அதற்கு அடுத்த நாள் உளியும் சுத்தியலுமாகப் பாளம் பாளமாகப் பெயர்த்தார் பிளம்பர். ஜன்னல் வெயில் தூசிக்குள் புகுந்து, வெள்ளைத்துணி விரித்ததுபோல் அறை நடுவே நின்றது. அதற்குள் பிளம்பர் குனிந்து நிமிர்வது வேறு ஏதோ ஊரில் யாரோ கிணறு தோண்டுவதுபோல் தெரிந்தது.

“அக்கா, இங்க வாங்க. கையை விட்டுப் பாருங்க.”

அண்ணி பள்ளத்தின் ஓரம் உட்கார்ந்து கையை நீட்டினாள். தளத்துக்கு அடியில், அதற்கும் மண்ணுக்கும் நடுவே, ஒரு விரல் போகிற அளவுக்கு இடைவெளி. ஜில்லென்றிருந்தது. உள்ளேயிருந்து யாரோ மெதுவாக மூச்சு விடுவதுபோல்.

“மண்ணு இறங்கிப்போச்சு. தளம் தன் பலத்துல நிக்குது” என்றார் பிளம்பர். “அதான் டொம்னு சத்தம் வந்துச்சு. பயப்படாதீங்க, உள்ள கம்பி நல்லா இருக்கு. மணலைப் போட்டு நிரப்பிடுவேன்.”

“எத்தனை வருஷமா இப்படி நிக்குது?”

“யாருக்குத் தெரியும்? மேல நடக்கறவங்களுக்குத் தெரியாதுல்ல.”

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்து, செருப்பைக் கழற்றாமலேயே பள்ளத்தின் மறுகரையில் குந்திக்கொண்டாள். சிங்க் கழற்றியாகிவிட்டது, கழுவ இடம் இல்லை. அதனால் அண்ணியும் சும்மா இந்தக் கரையில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஈரமண் கறுப்பாக, மழைக்கு முந்தின வாசனையுடன். வெளிச்சம் ஆரஞ்சு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

“ஆறு மாதிரி இருக்குல்ல அண்ணி?”

“தண்ணி இல்லாத ஆறு.”

“இன்னைக்கு ஒரு ஆள் வந்தான் கவுண்டருக்கு. நான் எங்க போகணும்னு நீங்களே சொல்லுங்கன்னான்.”

“நீ என்ன சொன்ன?”

“அடுத்த வண்டி மூணாவது பிளாட்ஃபாரம், போய் ஏறுங்கன்னேன்.”

“ஏறினானா?”

“நன்றி சொல்லிட்டு ஏறிப் போயிட்டான்!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாத்தனார் அவளையே பார்த்தாள்.

“இன்னைக்கு நிறைய பேசறீங்க அண்ணி.”

“நீ பேசறே. அதான்.”

“நான் எப்பவும்தான் பேசறேன்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணியின் வாய் திறந்துகூட விட்டது. ஆனால் நாத்தனார் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, “போற நேரத்துலதான் பேசறீங்க” என்றாள். அண்ணி திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

குழாய் பதிக்க ஒரு நாள் ஆனது. பிளம்பர் ரசமட்டப் பலகையைக் குழாய்மேல் வைப்பதும், கண்ணைச் சுருக்கிக் குமிழியைப் பார்ப்பதும், ஒரு கைப்பிடி மணலை எடுப்பதும், அரைக் கைப்பிடியைத் திருப்பிப் போடுவதுமாகவே இருந்தார்.

“என்ன தம்பி, குழந்தையைத் தூங்க வைக்கற மாதிரி பண்றீங்க?”

“வாட்டம் பாக்கறேன் அக்கா. அடிக்குக் கால் அங்குலம் சரியணும். குறைஞ்சா அழுக்கு தங்கும். கூடிட்டா தண்ணி மட்டும் ஓடிப்போயிடும், அழுக்கு பின்னாடியே உக்காந்துக்கும். ரெண்டும் சேர்ந்து போற வேகம்னு ஒண்ணு இருக்கு. பழைய குழாயோட ஆழத்துக்கு இந்தப் பதினாலு அடியே இழுத்துப் பிடிச்சுத்தான் வருது.”

கடைசியில் குழாய் ஜன்னல் சுவரோரம் முட்டித் தரைக்குமேல் ஒரு முழம் எழும்பி நின்றது. வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு மணிநேரம் வைத்தார்கள். சொட்டுக்கூட இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை. நாத்தனாருக்கு வார விடுமுறை. வெளியே கொத்தனார் மண்வெட்டியால் சிமெண்டும் ஜல்லியும் கலக்கிற சத்தம் கேட்டது. ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

“மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை நின்னு பார்த்துடுங்க அக்கா” என்றார் பிளம்பர். பள்ளத்தின் குறுக்கே ஒரு பலகையும், குழாய்க்குப் பக்கத்தில் ஸ்டூலும், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் வைத்தார். “காங்கிரீட் போட்டப்புறம் மனசு மாறக்கூடாது. மாறினா நான் ஊரை விட்டு ஓடிடுவேன்.”

அண்ணி பலகையில் ஏறினாள். ஜன்னலைப் பார்த்து நின்றாள். வெறுந்தொட்டிக்குள் கையை விட்டு, இல்லாத தட்டை இல்லாத தண்ணீரில் கழுவினாள். வெளியே கொடியில் அவளுடைய துணிகள் ஆடின. ஒரு மேகம் எதிர்வீட்டுச் சுவர்மேல் உட்காரப் பார்த்தது. அமைதியாக இருந்தது. நாத்தனார் எழுந்து அடுப்படிக்குப் போனது நிழலாகத் தெரிந்தது. தேநீர் வைக்கிறாள் போல. எதுவும் பேச மாட்டேன் என்கிறாளே, பேசினால் நன்றாக இருக்குமே என்று அண்ணி காத்திருந்தாள். இரண்டாவது தட்டையும் கழுவிவிட்டாள்.

“அக்கா.” பிளம்பர் ஜன்னலுக்கும் அவள் முகத்துக்கும் நடுவே தலையை நீட்டினார். “அவங்க உங்களைத்தான் கேக்கறாங்க.”

“யாரு?”

திரும்பினாள். நாத்தனார் கையில் தேநீர் டம்ளருடன் நின்றாள்.

“விடுங்க பிளம்பர். எனக்கு இது பழக்கம்தான்.”

அந்தப் ‘பழக்கம்தான்’ மட்டும் வலக்காதில் மணி மாதிரி விழுந்தது. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பினாள். கொத்தனாரின் மண்வெட்டிச் சத்தம் இருந்தது. அடுப்பு எரிகிற சத்தம் இல்லை. அறையைப் பார்த்துத் திரும்பினாள். அடுப்பு உஸ் என்றது. மறுபடி ஜன்னல். மறுபடி அறை. பலகையின்மேல் மூன்று தடவை சுற்றினாள்.

“அக்கா, தலை சுத்துதா? பிடிச்சுக்குங்க!”

“தம்பி” என்றாள் அண்ணி. “தப்பு பண்ணிட்டேன்.”

“என்ன தப்பு?”

“அன்னைக்கு உங்களைப் பார்த்து நின்னுல்ல குறி போட்டேன்! கழுவும்போது ஜன்னலைப் பார்த்துல்ல நிப்பேன்!”

“அதனால என்ன? சிங்க் அதே இடம்தானே?”

“காது மாறிப்போச்சே!”

இருபத்தாறு வருஷமாக அவள் ஆட்களை எதிரில் நிறுத்தி அளவெடுக்கிறாள். எதிரே நிற்பவரின் இடது தோள் தனக்கு வலப்பக்கம் என்பது அவள் கைக்குத் தெரியும், ஒரு நாளும் கை மாறித் தைத்ததில்லை. ஆனால் எல்லா நாளும் அவள் அடுத்தவரைப் பார்த்துத்தான் நின்றிருக்கிறாள். தன்னையே அளவெடுக்க நின்றபோதும், எதிரில் ஒரு ஆள் இருந்ததால், அவரைப் பார்த்தே நின்றுவிட்டாள்.

“எந்தக் காது? என்ன மாறிச்சு?” என்றாள் நாத்தனார்.

இனி மறைக்க இடமில்லை. அண்ணி பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கால் பள்ளத்துக்குள் தொங்கியது.

“இந்தக் காது செத்துப்போச்சு. இடது. எப்பவோ போயிருக்கு. எனக்கே நாலு மாசம் முன்னாடிதான் தெரியும். அங்க நின்னு கழுவினா நீ பேசறது எனக்குக் கேக்காது. ஒண்ணுமே கேக்காது. அதுக்குத்தான் இவ்வளவும்.”

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“வெளிச்சம்னீங்க?”

“பொய்.”

“நாலு மாசமா தெரியும்ங்கறீங்க. நான் ரூம் பார்த்து ஒரு மாசம் ஆகுது. இன்னைக்குச் சொல்றீங்க. போறவளை நிறுத்தறதுக்கு ஒரு காதை அடைச்சுக்கிட்டீங்களா அண்ணி?”

“பார்த்தியா, இப்படிச் சொல்வேன்னுதான் சொல்லல.”

வாசலில் கொத்தனாரின் குரல் கேட்டது. “கலவை ரெடி! கொட்டலாமா?”

“இரு, இங்க வேற கலவை ஓடிட்டிருக்கு” என்று பிளம்பர் கத்தினார்.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். வலது உள்ளங்கையால் வலக்காதை இறுக அழுத்தினாள். “பேசு” என்றாள். “என்ன வேணா பேசு. எவ்வளவு நேரம் வேணா பேசு.”

மீன்தொட்டி வந்து மூடிக்கொண்டது. கண்ணிமைக்குள் சிவப்பு வெளிச்சம், கால்விரலில் மண்ணின் குளிர்ச்சி. பேசுகிறாளா, போய்விட்டாளா, தெரியவில்லை. தளத்துக்குக் கீழே இருந்த அந்த ஒரு விரல் இடைவெளியில் தானே படுத்திருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. மேலே யாரோ நடக்கிறார்கள், நிற்கிறார்கள், என்னவோ கேட்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்துக் கண்ணைத் திறந்தாள்.

“பேசிட்டியா?”

நாத்தனார் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. பிளம்பர் மணலில் எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தார்.

“என்ன சொன்னா தம்பி?”

“அதை அவங்களே சொல்லட்டும் அக்கா. என் வாயால வேணாம்.”

“கலவை கல்லாயிடும், அப்புறம் என்னைச் சொல்லாதீங்க!” என்றது வாசல்.

பிளம்பருக்கு வேகம் வந்துவிட்டது. “சரி, அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். அக்கா, ஒண்ணு கேக்கறேன். இதுக்குத் தரையை உடைக்கணுமா? நீங்க அடுப்பு, அவங்க பாத்திரம்னு வேலையை மாத்திக்கிட்டாப் போதாதா?”

“அவ கழுவினா பிசுக்கு போகாது” என்றாள் அண்ணி.

“அவங்க டீ போட்டா வாயில வைக்க முடியாது” என்றாள் நாத்தனார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“நல்ல குடும்பம்!” பிளம்பர் பள்ளத்தின் நீளத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். “சுவத்துல ஒட்டித்தான் சிங்க் இருக்கணும்னு யார் சொன்னா? இது தரைக்குள்ளேர்ந்து வர்ற குழாய் அக்கா. பள்ளத்துல எந்த இடத்துல வேணா மேல எழுப்பலாம். மூணு அடி முன்னாடி கொண்டுவந்து, அறைக்குள்ள நிக்கிற மேடையா கட்டிடறேன். நீங்க ஜன்னலுக்கும் சிங்க்குக்கும் நடுவுல போய், உள்பக்கம் பார்த்து நில்லுங்க. நல்ல காது அடுப்புக்கு நேரா வருதா பாருங்க. வாட்டமும் இன்னும் தாராளமா கிடைக்கும்.”

“ஏற்கெனவே ஒட்டின குழாய்?”

“வீணாகாது. அதைச் சுவத்து மேல ஏத்திக் காத்துக் குழாயா விட்டுடறேன். சிங்க் நடுவுல இருந்தா மூச்சு விட ஒரு வழி வேணும், இல்லன்னா தண்ணி கொடகொடன்னு முனகும்.” பைக்குள் கையை விட்டு ஒரு இணைப்பை எடுத்துக் காட்டினார். “இருபது நிமிஷ வேலை. ஆனா ஒண்ணு. ஜன்னல் உங்க முதுகுக்குப் பின்னால போயிடும்.”

“போகட்டும்.”

“ஏய், ரெண்டு கைத்தண்ணி விட்டுக் கலக்கிட்டே இரு!” என்று வாசலுக்குச் சொல்லிவிட்டு, ரம்பத்தைக் கையில் எடுத்தார். “இந்தத் தடவை ரெண்டு பேரும் நில்லுங்க. சும்மா ரேடியோ கீடியோ வேணாம். நிஜமா யார் எங்க நிப்பீங்களோ அங்க நில்லுங்க.”

அண்ணி எழுந்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பிளம்பர் தொட்டியைத் தூக்கி அவள் முன்னால் வைத்தார்.

நாத்தனார் நகரவில்லை. “நான் ஒண்ணாந்தேதி போறவ. என் அளவு எதுக்கு?”

யாரும் பதில் சொல்லவில்லை. இது கேட்காததால் வந்த மௌனம் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. வெளியே மண்வெட்டி மட்டும் சளக், சளக் என்றது. மேகம் விலகி, வெயில் அண்ணியின் தோளைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கியது.

நாத்தனார் மெதுவாக நடந்து அடுப்படிக்குப் போனாள். எப்போதும் நிற்பதுபோலவே, சுவரைப் பார்த்து நின்றாள். அவள் வாய் அண்ணிக்குத் தெரியாது. குரலையும் உயர்த்தவில்லை.

“அண்ணன் போன அடுத்த வாரம். நீங்க கழுவிட்டிருந்தீங்க. நான் இங்க நின்னுட்டிருந்தேன். நான் இந்த வீட்லயே இருக்கட்டுமா அண்ணி, இல்ல வேற இடம் பார்த்துக்கட்டுமான்னு கேட்டேன். நீங்க திரும்பல. ஒரு தட்டைக் கழுவிக் கவுத்தீங்க. இன்னொரு தட்டைக் கழுவிக் கவுத்தீங்க. கையைத் துடைச்சுட்டு ஹாலுக்குப் போயிட்டீங்க. இன்னொரு தடவை கேக்க எனக்கு மானம் இடம் குடுக்கல.”

“பதில் தெரியாமலா பதினோரு வருஷம் இருந்தே?”

“கேட்டுச்சா?” நாத்தனார் சட்டென்று திரும்பினாள்.

“முன்னாடி பார்த்து நில்லு. தம்பி அளவெடுக்கறார்.”

அவள் திரும்பிக்கொண்டாள். “நாளைக்குச் சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு இருந்தேன். அப்புறம், சொல்லாம இருக்கறதே பதில்னு நினைச்சுக்கிட்டேன்.”

அண்ணியின் கைகள் வெறுந்தொட்டிக்குள் கிடந்தன. அந்தத் தட்டுகள் எவை என்று நினைத்துப் பார்க்க முயன்றாள். நினைவில் எதுவும் வரவில்லை. அந்த வாரம் முழுக்கச் சத்தமில்லாத ஒரு வாரமாகத்தான் இருந்தது. துக்கம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

“இப்ப கேளு” என்றாள்.

“வேணாம்.”

“கேளுடி.”

நாத்தனார் அடுப்பைப் பார்த்தே கேட்டாள், பக்கத்தில் இருந்த பிளம்பருக்குக்கூட எட்டாத குரலில். “இருக்கட்டுமா அண்ணி?”

“இன்னொரு தடவை கேளு.”

“உங்களுக்குக் கேட்டுச்சு. எனக்குத் தெரியும்.”

“கேட்டுச்சு. இன்னொரு தடவை கேக்கணும்போல இருக்கு.”

“…இருக்கட்டுமா?”

“இரு” என்றாள் அண்ணி. “இருன்னா இரு. எங்க போறே நீ?”

அடுப்படியில் ஒரு முதுகு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று அண்ணி கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

“அக்கா, இந்த இடத்துல குறி போட்டுடட்டுமா?” என்றார் பிளம்பர்.

“அங்கேயே போடுங்க தம்பி.”

ரம்பம் குழாயில் ஓட ஆரம்பித்தது. வெள்ளைத்தூள் பள்ளத்தில் உதிர்ந்தது. வாசலில் கொத்தனார் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அண்ணி என்ன செய்வதென்று தெரியாமல், மறுபடி இல்லாத தட்டை எடுத்து, இல்லாத தண்ணீரில் அலசி, காற்றில் கவிழ்த்து வைத்தாள்.

நாத்தனார் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

“அந்தத் தட்டுல இன்னும் சோப்பு இருக்கு அண்ணி.”

“எங்க?”

“ஓரத்துல.”

அண்ணி தட்டை எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, இன்னொரு தடவை அலசினாள்.